பம்பரம் விட்ட விஞ்ஞானி



நம்ம ஆய்வகச் சுவரில் சனிக் கோளின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். வெளிர் மஞ்சளில் அவ்வளவு அழகு! அதை எடுத்த காசினி விண்கலத்தின் கேமரா வெறும் கருப்பு வெள்ளைக் கேமராதான் என்று அறிவியல் சார் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ அந்த மஞ்சள் பொய்யா? யாராவது உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்களா? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

இவர் 1831 ஜூன் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்து வீட்டில். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். நகரத்துப் பள்ளிக்கு முதல் நாள் போனபோது அப்பாவே வடிவமைத்த சட்டையும் சதுர மூக்கு ஷூவும் போட்டிருந்தார். பையன்கள் சும்மா விடுவார்களா? சட்டை கிழிந்துதான் வீடு திரும்பினார். அசடு என்று அர்த்தம் வருகிற பட்டப்பெயர் வேற! (நம்ம வகுப்பிலும் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரென்று நான் எழுதவில்லை.) அந்த அசடுதான் 14 வயதில் முட்டை வடிவக் கோடுகளை நூலால் வரையும் முறை பற்றிக் கட்டுரை எழுதியது. 1846இல் அது எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. எழுதியவர் சின்னப் பையன் என்பதால் ஒரு பேராசிரியர்தான் எழுந்து வாசித்தார்.

மேக்ஸ்வெல்லுக்குப் பிடித்த கருவி என்ன தெரியுமா? பம்பரம்! சிவப்பு, பச்சை, நீலக் காகிதங்களைத் தட்டில் பொருத்திச் சுற்றவிடுவார். சரியான அளவில் வைத்தால் மூன்றும் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். எத்தனை பங்கு சிவப்பு, எத்தனை பங்கு பச்சை என்று கணக்கு எழுதி வைத்தார். நம் கண் மூன்று வகை உணர்வுகளை வைத்துத்தான் எல்லா நிறத்தையும் பார்க்கிறது என்பதை இப்படித்தான் உறுதிப்படுத்தினார். அப்படியானால் மூன்று வடிகட்டி வழியாக மூன்று கருப்பு வெள்ளைப் படம் எடுத்துச் சேர்த்தால் வண்ணப் படம் வரவேண்டுமே என்று 1855இலேயே எழுதிவிட்டார்.

சனிக் கோளையும் இவர் விடவில்லை. அதன் வளையம் ஒரே தட்டாக இருந்தால் உடைந்துபோகும், எண்ணற்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் இருக்கமுடியும் என்று கணக்குப் போட்டே காட்டி, 1857இல் ஆடம்ஸ் பரிசு வாங்கினார். 1860இல் இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கியபோது வேலை போயிற்று. அதே வருடம் பெரியம்மை. மனைவி கேத்தரின்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்.

பிழைத்து எழுந்து லண்டன் போனவர், 1861 மே 17 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் கட்டம் போட்ட ரிப்பன் முடிச்சின் படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் சட்டன் என்பவர் எடுத்துக் கொடுத்த படங்கள். மூன்று விளக்குகள், மூன்று நிறங்கள், திரையில் ஒன்றாக விழுந்ததும் வண்ணம்!

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அந்தக் காலத்துப் படத்தகடு சிவப்பு ஒளியையே உணராது. பிறகு எப்படிச் சிவப்பு வந்தது? 100 வருஷம் கழித்து, 1961இல்தான் விடை தெரிந்தது. அந்த ரிப்பனின் சிவப்புத் துணி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. சிவப்பு வடிகட்டி அதைத் தடுக்காமல் விட்டிருக்கிறது. தகட்டில் பதிந்தது அதுதான். அதாவது ஒளி கசிந்ததால் அதிர்ஷ்டவசமாகச் சரியாக வந்த படம்!

எல்லா நேரமும் அதிர்ஷ்டம் வராது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்து பார்த்தோம். செம்பருத்திப் பூவையும் இலையையும் வைத்து, செல்போனைக் கருப்பு வெள்ளையில் மாற்றி, மூன்று நிறக் கண்ணாடித்தாள் வழியாகப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்தோம். இலை ஊதா நிறத்தில் வந்தது! எல்லாரும் சிரித்தார்கள். நீலத் தாள் சிவப்பையும் கொஞ்சம் உள்ளே விடுகிறது, செல்போனும் தானாகவே ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் மாற்றிவிடுகிறது என்று அப்புறம்தான் புரிந்தது. அடுத்த தடவை பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்பீஸ் வைத்தோம். மூன்று படத்திலும் சாக்பீஸ் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்படி சரிசெய்தோம். இலை பச்சையாச்சு. பூதான் இன்னும் கொஞ்சம் மங்கல்.

கோள்களைப் படமெடுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்களாம். அவர்களுக்குச் சாக்பீஸ், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். அவசரமும் உண்டு. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், மூன்றாவது படம் தாமதமானால் அதன் புள்ளிகள் நகர்ந்து ஓரங்களில் நிறம் பிசகும். பெரியவர்களும் தப்பு செய்திருக்கிறார்கள். 1976இல் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படத்தில் செவ்வாயின் வானத்தை நீலமாகக் காட்டிவிட்டு, பிறகு இளஞ்சிவப்பு என்று திருத்தினார்கள்.

ஒளி ஒரு மின்காந்த அலை என்று சொன்னவரும் மேக்ஸ்வெல்தான். அது பெரிய கதை, பத்தாம் வகுப்பு அண்ணன்கள் எழுதட்டும். 1879 நவம்பர் 5 அன்று 48 வயதில், அம்மாவுக்கு வந்த அதே வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். சனி வளையத்தில் ஓர் இடைவெளிக்கு இப்போது அவர் பெயர்தான்.

எங்கள் மூன்று கருப்பு வெள்ளைப் படங்களையும் கீழே ஒட்டியிருக்கிறேன். எது சிவப்புத் தாள் வழியாக எடுத்தது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம். தயவுசெய்து தொடாதீங்க, பசை இன்னும் காயவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி