யார் அந்த சாண்டோ?

சினிமாவில் சாண்டோ சின்னப்பா தேவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டத்துக்கு மூலவர் யூஜின் சாண்டோ. போன வருஷம் ஹாஸ்டலில் போட்டிக்காகப் பெரிய வெயிட்டை வீசித் தூக்கி, தோள்பட்டை பிடித்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்பில் அரம்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தப்போதான் இவரைப் பற்றிப் படித்தேன்.

1867-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1889-ல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற பலசாலியை வென்று பெயர் வாங்கினார். 1901-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டுப் போட்டி நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அதில் ஒரு நடுவர்.

இவ்வளவு பலசாலி மற்றவர்களுக்குக் கொடுத்தது லேசான டம்பெல்ஸைத்தான்! மனசு முழுக்க வேலை செய்யும் தசையில் இருக்கணும் என்பதே அவர் பாடம். அதற்காகவே இரண்டு பாதிக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த டம்பெல் ஒன்றை விற்றார். இறுக்கிப் பிடித்தால் பாதிகள் சேரும். கவனம் தளர்ந்தால் விலகிவிடும். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு சட்டென்று புரிந்தது.

1925-ல் லண்டனில் காலமானார்.

இப்போ நான் பாதி வெயிட்தான் எடுக்கிறேன். முழங்கையை உடம்போடு ஒட்டி, மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்குகிறேன். வீசித் தூக்கினால் பாதி வேலையை இடுப்பு செய்துவிடும். கைக்கு என்ன மிச்சம்? நீங்களும் செய்து பாருங்கள் நண்பர்களே!