மேடை பயமா? சுப்பிரமணிய சிவாவைத் தெரிஞ்சுக்கோங்க!

மீட்டிங்கில் பேச எழுந்தாலே கை நடுங்குதா? 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவைப் பாருங்க. அரசியல் மேடையில் ஆங்கிலத்துக்கே மவுசு இருந்த காலம் அது. அவரோ 1908-ல் வ.உ.சி.யோடு சேர்ந்து தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழிலேயே பேசினார். கேட்டவங்க கோரல் மில்லில் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வாங்கினாங்க. பேசியதற்காகச் சிவாவுக்குச் சிறை; அங்கே தொழுநோயும் வந்தது. 1912-ல் விடுதலையானவர் மேடையை விடவில்லை. நோயைக் காட்டி ரயிலில் ஏறத் தடை வந்தபோது, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரதமாதா கோயில் கட்ட நினைத்தார்; 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல், 40 வயதில் அங்கேயே மறைந்தார். பேசப் பழகுறவங்க முதல்ல தயார் செய்ய வேண்டியது ஒண்ணுதான்: சொல்ல வேண்டிய விஷயம், அதுவும் கேட்கிறவங்க மொழியில்.