ஐஸ் ஹவுஸ் சகோதரி

சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்டது. அவ்வணிகம் நொடித்தபின் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞரின் மாளிகையாயிற்று. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். அம்மாளிகையைப் பெண்கல்விக்கு உரியதாக்கியவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே மணமுடிக்கப்பட்டுக் கைம்பெண் ஆனார். தலையை மழித்து மூலையில் அமர்த்தும் வழக்கத்துக்கு மகளை விட்டுக்கொடுக்காமல் தந்தை படிக்கவைத்தார். அக்காலத்தில் அஃது எளிய துணிவன்று. 1911இல் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, மறு ஆண்டே எழும்பூரில் இளங்கைம்பெண்கள் நால்வருடன் இல்லமொன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் பெருகவே இல்லம் ஐஸ் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. எதிரில் வந்தாலே தீநிமித்தம் என ஊரார் ஒதுக்கிய சிறுமியர் அங்குத் தங்கிப் படித்தனர். பலர் ஆசிரியைகளாகி, அதே ஊராரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர்.