சுப்பாராவும் பொன்மருந்தும்

திண்டுக்கல்லை அடுத்து நிற்கும் சிறுமலையின் வாழைப்பழம் நம் நாடெங்கும் பெயர் பெற்றது. சந்தையில் அப்பழக் குலைகளைக் காணுந்தோறும் எனக்கு ஒரு சிறுவனின் நினைவு எழும். அவன் நம் மாவட்டத்தான் அல்லன். கோதாவரி பாயும் நாட்டில் பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தவன். காசிக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்றெண்ணிப் பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டு ஓடியவன். அன்னை வேங்கம்மா அவனை விடாது தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். அச்சிறுவனே பிற்காலத்தில் மருத்துவ உலகம் போற்றிய எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் பிறந்தது 1895 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள். குடும்பம் வறியது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாணவர்களே, தேர்வில் ஒருமுறை தவறியதற்கே உலகம் இருண்டதாகக் கலங்குவோர் உங்களுள் இருப்பின், இச்செய்தியைச் சற்று நின்று படியுங்கள். பின்னர் மாநிலக் கல்லூரியிற் பயின்றார். இடையே துறவு பூண விழைந்தார், அன்னை இசையவில்லை. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்வதும் துறவிற் குறைந்ததன்று எனத் தேறிச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார்.

அக்காலம் காந்தியடிகளின் ஒத்துழையாமைக் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்தில் அணியும் அங்கியையும் கதராலேயே அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. அதன் பயனாக எம்.பி.பி.எஸ். பட்டம் அவர்க்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு வழியின்றிச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று ஆசிரியராய் அமர்ந்தார்.

இதனினும் பெரிய துயரங்கள் அவரைத் தொடர்ந்தன. ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, குருதி குன்றி, மெலிந்து மாயச் செய்யும் நோய் அது. மருத்துவம் கற்ற தம்பி அருகிருந்தும் மருந்தில்லை. அம்மருந்தைத் தேடும் வேட்கையே அவரைக் கடல் கடக்கச் செய்தது எனலாம். மாமனாரும் அறநிலையம் ஒன்றும் பொருளுதவ, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

இளமனைவி சேஷகிரி இந்தியாவிலேயே தங்கினார். கணவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு, ஓராண்டு நிறையுமுன்பே எரிசிபிலஸ் என்னும் தோற்சிவப்பு நோயால் இறந்தது. அக்குழந்தையின் முகத்தைத் தந்தை கண்டதே இல்லை. அந்நோயை விளைவிப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர். இன்று பென்சிலின் மருந்தால் அதனை எளிதில் அடக்கலாம். அன்றோ பென்சிலின் இல்லை. இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சணத்தில் அதனைக் கண்டது 1928 ஆம் ஆண்டில்தான்.

பாஸ்டனில் சுப்பாராவ் பகலிற் படித்தார். இரவில் மருத்துவமனை ஒன்றிற் கடைநிலைப் பணியாளராய் நோயாளரின் கழிகலங்களைக் கழுவிப் பிழைத்தார். மருத்துவம் கற்ற ஒருவர் இப்பணியை ஏற்றது இழிவென்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதேன். படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்போர் காணும் நோயின் முகத்தை நூல்கள் காட்டுவதில்லை.

சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். 1925 இல் வெளியான அம்முறை இருவர் பெயராலும் இன்றளவும் வழங்குகிறது. தசைகள் இயங்கத் துணைபுரியும் பாஸ்போகிரியேட்டின், உயிரணுக்களின் ஆற்றற் கருவூலமான ஏ.டி.பி. ஆகியவை பற்றிய ஆய்வுகளும் அவர்கள் செய்தனவே. ஆயினும் ஹார்வர்டில் அவர்க்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940 இல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அதன் ஆய்வுத்துறைத் தலைவருமானார்.

அங்கே அவர் உழைப்பு ஒருங்கே கனிந்தது. 1945 இல் அவர் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கினர். அவை குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு முதன்முதலாகப் பயன் தந்தன. யானைக்கால் நோயை விளைவிக்கும் புழுக்களை ஒடுக்கும் மருந்தும் அங்கே பிறந்ததே. நம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வீடுதோறும் வழங்கப்பெற்றது அம்மாத்திரையே.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுள் நோய்க் கிருமிகளைக் கொல்லவல்லவை உண்டோ எனத் தேடும் பெருமுயற்சியையும் சுப்பாராவ் நடத்தினார். பல இடங்களிலிருந்தும் மண் வந்து குவிந்தது. அதனைச் சோதித்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் செடிநூற் பேராசிரியர். பல்கலைக்கழகப் பணியினின்றும் ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்தவர். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு தனிப்பற்று உண்டு! மிசௌரி நாட்டு வயல் ஒன்றின் மண்ணிலிருந்து 1945 இல் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை அவர் பிரித்தெடுத்தார். அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் எனப் பெயரிட்டனர். 1948 இல் அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் முதற்பிள்ளை அதுவே.

பென்சிலின் இருக்க இஃது எதற்கு என்பீராயின், கூறுவேன். சென்ற ஆண்டு என் காலில் முள் தைத்துப் புண் சீழ்கொண்டது. திண்டுக்கல்லில் மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றேன். செவிலியார் ஊசியைக் கையில் எடுக்குமுன்பே, பென்சிலினோ அதன் உறவான செபலோஸ்போரினோ முன்பு உடலுக்கு ஒவ்வாது போனதுண்டோ, தடிப்போ மூச்சுத்திணறலோ கண்டதுண்டோ எனத் தூண்டித் தூண்டி வினவினார். சீட்டிலுள்ள பெயரையும் மருந்துக் குப்பியின் பெயரையும் ஒப்பிட்டார். ஊசியிட்ட பின்னும் அரைமணி நேரம் எழ விடாது அமர்த்தினார். பக்கத்தில் அட்ரினலின் மருந்து ஆயத்தமாய் இருந்தது. எனக்கு முதலிற் சலிப்பே உண்டாயிற்று. ஒவ்வாதார்க்கு அம்மருந்து சில நிமிடங்களில் உயிர்க்கே ஊறு செய்யும் என்பதும், முன்பு ஒத்துக்கொண்ட உடல் பின்பு ஒவ்வாது போதலும் உண்டு என்பதும் அவர் சொல்லியபின் சலிப்பு நீங்கிற்று. பால்போல் வெண்மையான நீள்செயற் பென்சிலினைத் தசையிலன்றிக் குருதிக் குழாயிற் செலுத்தினால் உயிர் போகும் என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

பென்சிலின் ஒவ்வாதார் பலர்க்கு, நோய்க்கேற்ப, டெட்ராசைக்கிளின் குடும்பத்து மருந்துகள் மாற்றாய் உதவுகின்றன. மேலும், பென்சிலினுக்கு அடங்காத சில கிருமிகளையும் அவை அடக்கும். தமிழ்நாட்டிற் பரவலாகக் காணும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலுக்கு இன்று தருவது அக்குடும்பத்து இளவலான டாக்சிசைக்கிளினே. ஆயின் பொன்மருந்துக்கும் காவல் வேண்டும். பாலுடனோ இரும்புச்சத்து மாத்திரையுடனோ உட்கொண்டால் மருந்தின் பெரும்பகுதி உடலிற் சேராது வீணாகும். படுத்துக்கொண்டு விழுங்கினால் உணவுக்குழலிற் புண் உண்டாகும். ஆதலின் நிமிர்ந்திருந்து நீர் நிறையக் குடித்தல் வேண்டும். வளரும் பற்களிற் கறை படியுமாதலின், கருவுற்ற மகளிர்க்கும் சிறு குழந்தைகட்கும் பொதுவாக இக்குடும்பத்து மருந்துகளை விலக்குவர். காய்ச்சல் விட்டதெனப் பாதியில் நிறுத்தலும், எஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டார்க்கு வழங்கலும் மருத்துவர் எவரும் ஒப்பாத செயல்கள்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அதே 1948 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒருநாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மீண்டும் எழவில்லை. மாரடைப்பு. அகவை ஐம்பத்து மூன்றே. தாயகத்திற்கு அவர் ஒருமுறையேனும் திரும்பியதில்லை. இந்திய அரசு அவருடைய நூற்றாண்டில், 1995 இல், அஞ்சல் தலை வெளியிட்டது. பூஞ்சண இனம் ஒன்றிற்கும் அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டியுள்ளனர்.