சாமிநாதையரவர்களும் செய்யுட் கல்வியின் பயனும்

நம்மவர் தம் மக்களைக் கல்லூரியிற் சேர்க்கும் பருவம் வருந்தோறும் ஒரு வினா தவறாது எழுகின்றது. இப்படிப்பு எவ்வேலையைத் தரும், எத்துணை ஊதியம் தரும் என்பதே அவ்வினா. கண்ணமங்கலம், ஆரணி முதலிய ஊர்களில் தறியில் உழைத்துப் பட்டு நெய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்தார் இவ்வாறு வினவுதல் குற்றமாகாது. ஆயினும் கல்வி முழுவதையும் அவ்வொரு கோலால் அளந்துவிடலாமா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சரிதம் சிறந்த துணையாகும்.

தஞ்சை ஜில்லா உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் இசையிலே தேர்ச்சி பெறவேண்டுமென்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழ்ச் செய்யுளின்மீதே உள்ளம் சென்றது. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிட்டும், வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும், தமிழால் யாது பயன் என்று பலர் அறிவுரை கூறினர். இளைஞர் மனம் மாறவில்லை. தந்தையாரும் மகனது வேட்கையை உணர்ந்து, நல்லாசிரியரை நாடி ஊர் ஊராகக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார்.

இறுதியில் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்ந்து, 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அப்பெரியார் காலமாகும் வரையில் ஏறத்தாழ 5 ஆண்டுகள் உடனிருந்து பயின்றார்கள். பிள்ளையவர்கள் பொருள் பெறாது பாடஞ் சொன்னவர். தாம் வறுமையுற்ற காலத்தும் மாணாக்கரைப் போற்றியவர். பின்னர், தம்மினும் முன்பே அவ்வாசிரியரிடம் கற்ற தியாகராச செட்டியாரது பரிந்துரையால், 1880-இல் ஐயரவர்களுக்குக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது.

கற்ற தமிழ் சோறு போட்டது, கதை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. ஐயரவர்களது பெருமை அவ்வேலையால் வந்ததன்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார்கள். என்னென்ன நூல்கள் பயின்றீர் என முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் ஐயரவர்கள் அடுக்கினார்கள். முதலியார் அவற்றால் திருப்தியுறாது, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். தமிழே தொழிலாகக் கொண்ட ஐயரவர்களிடம் அதற்கு விடையில்லை.

இங்கே நம் பெற்றோர் சிறிது நின்று நினைத்தல் வேண்டும். முதலியாருக்கு வழக்குத் தீர்ப்பதே தொழில். சிந்தாமணியைப் படித்ததனால் அவருக்குச் சம்பளம் உயரப்போவதில்லை. படியாமையால் உத்தியோகம் குறையப்போவதுமில்லை. செய்யுளின்பத்தை விரும்பிப் பயனெதிர்பாராது கற்ற ஒரு முன்சீபின் கேள்வியே, தமிழாசிரியர் ஒருவரைப் புதியதொரு பெருந்தொண்டிற் செலுத்தியது.

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை ஐயரவர்கள் கற்கப் புகுந்தபோது பொருள் எளிதில் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சைனர்களிடம் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டுத் தெளிந்தார்கள். பல ஊர்களுக்குச் சென்று ஏடுகளைத் தேடினார்கள். பூச்சியரித்தும் இதழ் முறிந்தும் கிடந்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அறுந்த பாவிழையைத் தேடியெடுத்து முடிபோடும் நெசவாளரைப் போலப் பாடங்களை இணைத்தார்கள். அன்பர்களிடம் கையொப்பத் தொகை பெற்று 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டார்கள். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவர்களை அடைந்தன. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் காலமானார்கள்.

இத்தொண்டினால் நம் ஊரார்க்கு ஆயதென்னை எனின், கூறுதும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. கூத்தர் அவனை நாடிச் செல்லும் மலைவழியையும், அவ்வழியில் விளைவனவற்றையும், மலைவாழ்நர் விருந்தோம்பும் அன்பையும், சேயாற்றையும் அது 583 அடிகளில் விரித்துரைக்கின்றது. செய்யாற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லையுண்டு, சவ்வாது மலையை நாள்தோறும் கண்டு வாழும் நாம், இந்நிலத்தில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அப்பாட்டால் அறிகின்றோம். ஏடு அழிந்திருப்பின் அவ்வறிவை எவ்வளவு பொருள் கொடுத்தும் மீட்டல் இயலாது.

ஆதலின் நம் பிள்ளைகள் அனைவரும் புலவராதல் வேண்டுமென்று யாம் சொல்லவில்லை. பொறியியலோ, கணக்கோ, மருத்துவமோ, தத்தமக்கு இசைந்ததை ஊன்றிக் கற்று நன்கு பொருளீட்டுக. தமிழ்ச் செய்யுளையே சிறப்பாகக் கற்க விரும்பும் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி இல்லத்தில் தோன்றின், வேங்கடசுப்பையர் மகனுக்குத் துணைநின்றவாறு துணைநிற்க. ஏனையோர் எத்தொழில் செய்யினும், அம்முன்சீபைப் போல நாளில் அரைமணி நேரமேனும் ஒரு பழந்தமிழ் நூலைப் பொருளுணர்ந்து படிக்க. தறி ஓய்ந்த மாலைப் பொழுதில் பிள்ளை படிக்கப் பெற்றோர் கேட்பாராயின், அக்கல்வி இல்லம் முழுவதற்கும் பயன்படும்.