சேர். பொன். இராமநாதன்: நீதி கேட்டுக் கடல் கடந்தவர்

கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவர் என்றே சேர். பொன். இராமநாதன் அவர்களை (1851–1930) நம்மில் பலர் அறிவோம். சொலிசிட்டர் ஜெனரலாகவும் விளங்கிய சட்ட அறிஞர் அவர்.

1915 மே இறுதியில் இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. வழமையான நீதிமன்றங்கள் திறந்திருக்கவே, பொதுமக்களை இராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தன. ஹென்றி பேதிரிஸ் என்ற சிங்கள இளைஞர் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்கா முதலானோர் சிறையிடப்பட்டனர்.

இராமநாதன் இதைச் சட்டசபையில் கண்டித்தார். 64 வயதில், உலகப் போர் நடந்த வேளையில், கப்பலேறி இலண்டன் சென்று முறையிட்டார். முஸ்லிம்களின் துயரை அவர் போதிய அளவு பேசவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முறையான விசாரணை வேண்டும் என்பதில் அவர் தளரவில்லை. நாடு திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

தீர்ப்பின்றித் தண்டனையில்லை என்பது நாம் வாழும் நோர்வேயின் 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் உள்ள விதி. விசாரணையின்றிச் சிறையிருந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவ்விதியின் அருமையைப் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுப்போம்.