பத்தொன்பதரை நாட்கள்

லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையில் 2018 ஆம் ஆண்டு முதல் எங்கும் தரிக்காத விமானச் சேவை உண்டு. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். பயண நேரம் சுமார் 17 மணித்தியாலங்கள். 1930 இல் அதே கண்டத்துக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜோன்சனுக்கோ 19½ நாட்கள் சென்றன.

ஏமி 1903 ஜூலை 1 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வியாபாரி ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றார். ஆயினும் லண்டனில் சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராகவே வேலை செய்தார்.

1928 இல் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கினார். ஓட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. விமானக் கொட்டகையில் ஆண்களோடு நின்று, இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் கற்றார். 1929 இல் விமானத் தரைப் பொறியியலாளர் அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாவது பிரித்தானியப் பெண்ணானார்.

தந்தையும் எண்ணெய் வர்த்தகரான வேக்ஃபீல்ட் பிரபுவும் பண உதவி செய்ய, பழைய ஜிப்சி மொத் விமானம் ஒன்றை வாங்கி 'ஜேசன்' எனப் பெயரிட்டார். அதற்கு ஒரே இயந்திரம். ஆசனத்துக்கு மேலே கூரையில்லை. வானொலித் தொடர்பும் இல்லை.

மே 5 ஆம் திகதி குரோய்டன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். அந்தச் சிறிய விமானத்தால் நேர்வழியில் நெடுந்தூரம் செல்ல முடியாது. எரிபொருள் கிடைக்கும் இடங்களைத் தொட்டுத் தொட்டே போக வேண்டும். வியன்னா, இஸ்தான்புல், அலெப்போ, பக்தாத் என வழி நீண்டது. ஒவ்வொரு தரிப்பிலும் இயந்திரத்தைத் தாமே பரிசோதித்தார். பக்தாத் செல்லும் வழியில் மணற்புயல் வீசியதால் பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. அப்படியிருந்தும் 6 நாட்களில் கராச்சியை அடைந்தார். அதுவரை தனியாகப் பறந்த எவரும் அவ்வளவு விரைவாக அங்கு சென்றதில்லை. ஆனால் ரங்கூனில் இறங்கும்போது விமானம் சேதமடைந்தது. திருத்த வேலையில் நாட்கள் கழிந்தன. மே 24 இல் டார்வினை அடைந்தபோது, பேர்ட் ஹிங்க்லரின் 15½ நாள் சாதனையை அவரால் முறியடிக்க முடியவில்லை. எனினும் ஏறத்தாழ 11,000 மைல்களைத் தனியாகப் பறந்து, இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவை அடைந்த முதற்பெண் அவரே.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 ஆம் திகதி பிளக்பூலிலிருந்து ஒக்ஸ்போர்ட் அருகிலுள்ள கிட்லிங்டனுக்குப் புறப்பட்டார். இங்கிலாந்துக்குள்ளேயே முடிய வேண்டிய குறுகிய பயணம் அது. மோசமான காலநிலையில் வழி தவறிய விமானம் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்தது. அவரது உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37.

பெண்பிள்ளைக்கு இயந்திரம் எதற்கு என்ற கேள்வி, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தெரிவுசெய்யும் மாணவிகளின் காதில் இன்றும் விழுகிறது. ஏமியின் பயணக் கணக்கில் கொட்டகையில் கழிந்த மாதங்கள் சேர்க்கப்படவில்லை. அந்த மாதங்கள் இல்லாதிருந்தால் அவர் டார்வினைக் கண்டிருக்க மாட்டார் என்றே நான் எண்ணுகிறேன். நாம் போக விரும்பும் தூரம் எதுவாயினும், புறப்படுமுன் கற்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான்.